இன்னைக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சு

கட்சால் அத்தை யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். அந்த ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பேசுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவன் வாசலில் நின்றால் அவன் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்ப்பார். சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரையோடு வரும் பெண்ணின் பையைப் பார்ப்பார். “மூஞ்சி சொல்லிக்குடுத்தத சொல்லும் பாப்பா. பின்னாடி இருக்கறதுக்கு யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க” என்பார். எனக்கு இருபத்தேழு வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான பெரார்கஞ்சில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்து, கடல் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர். புருஷன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், பாக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம், நிவாரணப் பணத்தில் வாங்கிய துண்டு நிலமும் தகரக் கூரை போட்ட வீடும் அவருக்கு இருந்தன. அங்கன்வாடியில் சமைத்தார். என் அப்பாவை “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்ததால் எனக்கு அத்தையானார்.

பொய்க்கு அவர் வைத்திருந்த சொல் ஜூட்டு. தீவு முழுக்கப் பேசும் இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டது. தமிழில் பொய் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஜூட்டு என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. மீன்காரர் புது மீன் என்பதை “தாஜா மச்லி” என்று கூவினால் ஜூட்டு. வானொலியில் சொல்லும் மழை ஜூட்டு. கப்பல் இத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் பக்கா ஜூட்டு.

கப்பல் விஷயத்தில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். கட்சாலில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்காக போர்ட் பிளேரின் ஹாடோ துறைக்குப் போயிருக்கிறார். தகரப் பெட்டியைக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. அப்போது மேல்தளத்துக் கம்பியில் கப்பல் ஊழியர்களின் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். புறப்படப்போகிற கப்பலில் எவனாவது ஈரத்துணி போடுவானா, இது நாளைக்குத்தான் போகும் என்று முடிவுகட்டி, தெரிந்தவர்கள் வீட்டில் டீ குடிக்கப் போய்விட்டார். கப்பல் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. பெட்டி மட்டும் கட்சால் போய், நன்கௌரி போய், தெற்கே கடைசித் தீவு வரை போய், யாரோ ஒரு புண்ணியவான் தயவில் திரும்பி வந்தது.

“லுங்கி காஞ்சுச்சா இல்லியா? அது நெஜம்தானே?” என்று அதற்குப் பிறகும் வாதாடினார்.

அத்தையிடம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான். அவர் கண்ணில் பட்டது எப்போதும் உண்மையாக இருக்கும். அதை வைத்து அவர் கட்டிய முடிவு பெரும்பாலும் சரிந்து விழும். எப்போதும் விழுந்திருந்தால் யாரும் அவரைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். ஒரு மழைக்கால முடிவில், அரசாங்க அளவை என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்து வயல்களை டேப் பிடித்து அளந்தார்கள். அப்பா உட்பட எல்லோரும் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அத்தை மட்டும் “சர்க்காரி ஆளுக்கு செருப்பு இவ்வளவு சுத்தமா இருக்காது” என்று சொல்லி, அவர்கள் வரப்பில் கழற்றிவைத்த செருப்புகளைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கன்வாடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அடையாள அட்டை காட்டினால் செருப்பு. அவர்களால் காட்ட முடியவில்லை. கடற்கரைப் பக்கம் விடுதி கட்டுகிறவர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் என்று பிறகு தெரிந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறிப் போனார்கள். அதிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அத்தையைப் பார்த்தால் சிரிப்பும் வரும், லேசாக ஒரு கலக்கமும் வரும்.

அந்தக் கலக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்தது, எனக்கு அமெரிக்க மாப்பிள்ளை பார்த்தபோது.

மதுரையில் இருக்கும் என் தாய்மாமா கொண்டுவந்த வரன். பையன் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில், கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறான். நல்ல குடும்பம், ஜாதகம் பொருந்துகிறது. கடலுக்கடியில் கேபிள் வந்து தீவில் நெட் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. மாமா அனுப்பிய போட்டோ நொடியில் வந்து விழுந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்ற நிலம், நடுவில் அரைக்கைச் சட்டையில் அவர் நின்றார். பனியில் நிற்கிறார் என்று மாமா எழுதியிருந்தார். அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அத்தை போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, மாப்பிள்ளையின் முகத்தைத் தள்ளிவிட்டு ஓரத்துக்குப் போனார்.

“இது பனி இல்ல. உப்பு.”

“உப்பா?”

“பனியில எவன் அரைக்கைச் சட்டையோட நிப்பான்? நெழலப் பாருங்க, சுள்ளுனு வெயிலு. தூத்துக்குடி உப்பளத்துல நின்னு போட்டோ புடிச்சிருக்கான். பக்கா ஜூட்டு.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று முதல்முறையாக நானும் மாப்பிள்ளையும் பேசினோம். போட்டோவைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவர் சிரித்தார். அது உப்புதான், அவருடைய ஊரைத் தாண்டிப் போனால் உப்புத் தரை அப்படியே பரந்து கிடக்கும், பனி என்று அவர் யாரிடமும் சொல்லவே இல்லை, சொன்னது மாமா. அத்தையிடம் வந்து சொன்னேன்.

“உப்புன்னு ஒத்துக்கிட்டானா?”

“ஆமா அத்தை. ஆனா அமெரிக்க உப்பு.”

அத்தை போனை வாங்கிப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “அந்த ஊரப் பத்தி எனக்குத் தெரியணும்” என்றார்.

அப்படித்தான் எங்கள் மாலை வாசிப்பு தொடங்கியது. அந்த மாநிலத்தின் சரித்திரத்தில் இந்தத் தேதியில் என்ன நடந்தது என்று நாள்வாரியாகப் போட்டிருக்கும் ஒரு பக்கத்தை போனில் தேடிப் பிடித்தேன். டீச்சராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் பின்பக்கப் படியில் உட்கார்ந்தால், தார்ப்பாயில் காயும் பாக்கைக் கிளறிவிட்டுக்கொண்டே அத்தை கேட்பார்: “இன்னைக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?” நான் படித்துத் தமிழில் சொல்வேன். பல நாட்களில் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு பாலம் திறந்திருப்பார்கள், ஒரு சுரங்கம் மூடியிருப்பார்கள். அத்தை அதற்கும் ஏதாவது கேட்பார்.

மே மாதம் பத்தாம் தேதி வந்தது. அன்றுதான் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த இரண்டு ரயில் பாதைகள் அந்த மாநிலத்தில் ஓரிடத்தில் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் தங்கத்தால் செய்த ஆணியை வைத்துக் கொண்டாடினார்கள்.

“தங்க ஆணியா? அத அப்படியே வெச்சிட்டா போனாங்க?”

தேடிப் பார்த்தேன். இல்லை. விழா முடிந்த கையோடு தங்க ஆணியை எடுத்துவிட்டு, சாதாரண இரும்பு ஆணியை அடித்திருக்கிறார்கள்.

“பாத்தியா?” என்றார் அத்தை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூட்டைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி அவருக்கு. அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. மெதுவாகப் பேசுவார். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் “அத விடுங்க, போர்” என்பார். எனக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. அத்தையிடம் சொன்னபோது அவர் பாக்கைக் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைத் தாண்டி வேலியைப் பார்த்தார்.

ஜூலை இருபத்து நாலு. அன்றைய பக்கத்தில் நிறைய எழுதியிருந்தது. தங்கள் மத நம்பிக்கைக்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒரு கூட்டம், மாட்டு வண்டிகளோடு புல்வெளிகளையும் மலைகளையும் கடந்து அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய நாள். அந்த மாநிலத்தில் அதுதான் பெரிய திருநாள். ஊர்வலம் போவார்கள், வாணவேடிக்கை விடுவார்கள்.

“ஆபீசு?”

“லீவு அத்தை, சர்க்காரி சுட்டி. ஆபீசெல்லாம் மூடியிருக்கும்.”

அத்தை கையிலிருந்த பாக்கைப் போட்டுவிட்டு எழுந்தார். “இப்ப அவனுக்கு போனப் போடு.”

எங்களுக்கு இருட்டிவிட்டிருந்தது. அங்கே காலை. அம்மாவும் அப்பாவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் கை அரித்தது. அவர் உடனே எடுத்துவிட்டார். வீடியோவில் முகம் களைப்பாக இருந்தது.

“ஆபீஸ்ல இருக்கேன். இன்னைக்கு ரொம்ப வேலை. அப்புறம் பேசட்டுமா?”

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். “தம்பி, நான் பக்கத்து வீட்டு அத்தை. இன்னைக்கு ஒங்க ஊர்ல என்னா விசேசம்?”

“விசேஷமா? ஒண்ணுமில்லீங்களே ஆன்ட்டி. எப்பவும் போலத்தான்.”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. அத்தை சத்தமாக, அப்பாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: “அவன் அமெரிக்காவுலயே இல்ல. ஊரே கொண்டாடுது, இவனுக்கு ஒண்ணுமில்லியாம். அவனுக்குப் பின்னாடி ஒரு வண்டி போச்சு. வெள்ளத்துணி மூட்டை மூட்டையா. எந்த ஆபீஸ்ல துணி வண்டி போகுது? மெட்ராஸ்லயோ துபாய்லயோ ஆசுபத்திரியில நிக்கிறான்.”

அப்பா எழுந்து வந்தார். அவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை.

“ஏம்மா, எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணம் ஒனக்கு வெளையாட்டா இருக்கா? பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையன்கிட்ட போலீசு வேலை பாக்குறியா?”

“அண்ணே, நான் கண்டத சொன்னேன்.”

“நீ கண்டது போதும். கெளம்பு.”

அத்தை போய்விட்டார். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிரைவேட் கம்பெனியாக இருந்தால் லீவு விடமாட்டார்கள் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்கோ அந்தத் துணி வண்டி கண்ணைவிட்டுப் போகவில்லை. நானும் அதைப் பார்த்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் காலை இடைவேளையின்போது மைதானத்து ஓரத்தில் நின்று நானே கூப்பிட்டேன். அங்கே இன்னும் இருபத்து நாலாம் தேதி ராத்திரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்க எங்க இருக்கீங்க? நெஜத்தச் சொல்லுங்க.”

அவர் போனோடு எழுந்து நடந்தார். கதவு திறக்கும் சத்தம். பிறகு போனை வெளியே திருப்பிப் பிடித்தார். கறுத்த வானத்தில் வாணங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, பிறகு வெள்ளையாக மழைபோல் ஒன்று. தூரத்தில் மலைகளின் கோடு தெரிந்தது. என் கையில் பட்ட காலை வெயிலில் திரை கூசியது. போனை மறு கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பின்னால் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் உண்மை. வேலைதான் பொய். ஆபீஸ் வேலை போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு குஜராத்திக்காரரின் லாட்ஜில் முன்பக்கம் சாவி கொடுப்பதும் பின்பக்கம் படுக்கைத் துணி துவைப்பதுமாக இருக்கிறார். திருநாளன்று லாட்ஜ் நிரம்பி வழியும், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி, அதனால் வீட்டில் சொல்லவில்லை.

“கல்யாணம் முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். நீங்க மட்டும் இப்போதைக்கு...”

“நீங்க மொதல்ல உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. எங்கப்பாகிட்ட நான் பேசறேன். லாட்ஜ் வேலைன்னா நான் வேணாம்னு சொல்லமாட்டேன்.”

“சரிங்க” என்றார். நான் நம்பினேன்.

சாயங்காலம் அத்தை வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். அப்பா கிளம்பச் சொன்னதால் உள்ளே வரவில்லை. நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப ஊரு நெஜமா?” என்றார். ஏமாந்துபோன குரல்.

“நெஜம்.”

“துணி?”

“அதுவும் நெஜம்.”

“லாட்ஜுல துணி தொவைக்கறது என்னா கேவலம்? நான் சுனாமி முகாம்ல எரநூறு பேருக்கு சட்டி கழுவல? மொத நாளே அதச் சொல்லிருந்தா, நானே ஒங்கப்பன்கிட்ட அவனுக்காகப் பேசிருப்பேன்.” வேலிக் கம்பியில் சுற்றியிருந்த கொடியைப் பிடுங்கிப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “வேலை போன பெறகு அங்க இருக்கறதுக்கு அந்த சர்க்கார் விடுதா பாப்பா? இப்ப சொன்னதாவது முழுசாங்கறியா?”

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும்போதெல்லாம் அத்தையின் கேள்வி எனக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. அவர் இருமினால்கூட அது உண்மையான இருமலா என்று யோசித்தேன். அப்படி ஒருவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ நான் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தன் அம்மாவிடம் சொன்னாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் மாமா போன் செய்தார். முன்பு பொருந்திய ஜாதகம் இப்போது பொருந்தவில்லையாம். அம்மா அழுதாள். நானும் அழுதேன், கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் சத்தத்துக்குள்.

அத்தையோடு நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் சரியாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பாதி சரியாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. மழை முடிகிறவரை அவர் வரவில்லை. பிறகு ஒரு நாள் நான் படியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து, எதுவுமே நடக்காதது போலத் தார்ப்பாயை விரித்தார்.

“இன்னைக்கு அந்த ஊர்ல என்ன நடந்துச்சு?”

“அவரு போயாச்சே அத்தை. இன்னும் எதுக்கு அந்த ஊரு?”

“அவன் போனா போறான். ஊரு எங்கயும் போகலியே.”

நான் போனை எடுத்தேன். வேறு என்ன செய்வது? அப்படியே அந்த வருடம் ஓடியது. பிப்ரவரியில் ஒரு நாள், அந்த மாநிலத்துப் பெண்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை கிடைத்த நாள் என்று படித்தேன். உலகத்தில் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே. பதினேழு வருடம் கழித்து டெல்லி மாதிரி அங்கே இருக்கும் பெரிய சர்க்கார் அதைப் பறித்துக்கொண்டது, பிறகு திரும்பக் கிடைத்தது. “குடுக்கறப்பவே புடுங்கறதுக்கு ரோசன பண்ணிருப்பான்” என்றார் அத்தை. அப்பா உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். அதோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது சரியாகிவிட்டது.

மறுபடி ஜூலை இருபத்து நாலு வந்தபோது நான் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அத்தை விடவில்லை. “போன தடவ சரியாக் கேக்கல. இப்ப நல்லாப் படி” என்றார். முழுவதையும் படித்தேன். துரத்தப்பட்டது, நடந்தது, வழியில் செத்தவர்களைப் புதைத்தது, வந்து இறங்கியது.

“அங்க முன்ன யாரும் இல்லியா?”

“இருந்தாங்க. அந்த மண்ணோட ஆளுங்க.”

“அவங்க என்னா பண்ணாங்க அன்னைக்கு?”

அந்தப் பக்கத்தில் அது இல்லை. அத்தை தலையாட்டினார். “எங்களக் கட்சால்ல எறக்குனப்பவும் அந்தத் தீவுக்காரவுங்க கரையில நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. பாத்துக்கிட்டே நின்னாங்க. நம்பல எங்கள. நான் அவுங்களா இருந்தாலும் நம்பிருக்கமாட்டேன்.” பிறகு, “நாங்க எறங்குன நாளு எதுன்னு எனக்குத் தெரியாது பாப்பா. எவனும் எழுதி வெக்கல. எழுதிருந்தா அன்னைக்கு ஒரு பாயசமாவது வெச்சிருப்பேன்” என்றார்.

அன்றுதான் தன் கூடப்பிறந்த அண்ணனைப் பற்றிச் சொன்னார். இலங்கையிலிருந்து வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் பெரியப்பா குடும்பத்தோடு நீலகிரிப் பக்கம் போனார், இவர் சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறினார். சீக்கிரத்தில் அண்ணனையும் கொண்டுவந்து சேர்த்துவிடுவதாக ஒரு அதிகாரி இவர் தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறார்.

“அது...” என்று ஆரம்பித்தேன்.

“ஆமா” என்றார். அந்தச் சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை.

எனக்கு அடுத்ததாகப் பார்த்தது தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர் வரன். பள்ளிக்கூட வாத்தியார். அத்தை யாரிடமும் சொல்லாமல், பாக்கு நாற்று வாங்கப் போவதாகச் சொல்லி நாள் முழுக்க பஸ்ஸில் போய், அவர்கள் வீட்டிலேயே ஒரு ராத்திரி தங்கி, திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

“என்ன அத்தை, என்ன பார்த்தீங்க?”

“ஒண்ணும் கெடைக்கல” என்றார் சலிப்பாக. “ரெண்டு தடவ வீட்டச் சுத்தி வந்தேன். ஒண்ணுமே கெடைக்கல.”

அதைவிடப் பெரிய நற்சான்று யாரும் கொடுத்திருக்க முடியாது. அந்த வாத்தியாரைத்தான் கட்டிக்கொண்டேன்.

ஒரு விடுமுறைக்கு நான் பெரார்கஞ்ச் வந்திருந்தபோது அந்த ஆள் வந்தான். ஞாயிற்றுக்கிழமை. நாற்பது வயதிருக்கும், விரல்களில் பெயின்ட் காய்ந்திருந்தது. போர்ட் பிளேரில் ஒரு கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்க நீலகிரிக் கூடலூரிலிருந்து வந்திருக்கிறானாம். கட்சாலிலிருந்து வந்து குடியேறிய அம்மா ஒருவர் இங்கே இருப்பதாக மார்க்கெட்டில் யாரோ சொன்னார்களாம். அவன் தகப்பனாருக்கு ஒரு தங்கச்சி இருந்தாளாம், மண்டபத்தில் பிரிந்தவளாம், தகப்பனார் சாகும்போதும் அவளைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அப்பா எங்கள் வீட்டு வாசலிலேயே அவனை மடக்கினார். “ஒங்க அத்தை பேரு என்னப்பா?”

அவன் திணறினான். “அப்பா சின்னவன்னுதாங்க சொல்லுவாரு. பேரு... அப்பா சொல்லிருக்காரு. மறந்துபோச்சுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நிலம், வீடு, தனியாக இருக்கும் கிழவி. எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவனிடம் தகப்பனாரின் படமோ கடிதமோ எதுவும் இல்லை.

அவன் யார் என்று இன்றுவரை எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. வேலை முடிகிறவரை ஞாயிறுதோறும் வந்தான். கிணற்றைத் தூர்வாரினான், வீட்டுக்கு நீல பெயின்ட் அடித்தான். கடைசியில் அத்தை அவனோடு கப்பலேறி கூடலூர் போய்விட்டார். வீட்டை அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. இன்னும் கேட்பான் என்று அப்பா காத்திருந்தார். போன மழைக்காலத்தில் அத்தை அங்கே இறந்துபோனதை அவன்தான் போனில் சொன்னான். அழுதான் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். “நெஜமாவே அழுதானா?” என்று கேட்டார் அப்பா. அத்தையின் இடத்தில் இப்போது அவர்தான் இருந்தார்.

முதல் நாளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அவனை அத்தையின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். இனி அத்தை பார்த்துக்கொள்வார், இரண்டு கேள்வியில் தோலை உரித்துவிடுவார் என்று எங்களுக்குத் தைரியம். அவன் வாசலில் நின்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்புட்டியா?” என்றார். உள்ளே போய் உலையில் இன்னும் ஒரு படி அரிசி போட்டார். அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, இலை போட்டு, பரிமாறத் தொடங்கிவிட்டார்.

நான் சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

“அத்தை, என்ன இது? எந்தத் தோட்டம்னு கேளுங்க. தாத்தா பேரு, பெரியப்பா பேரு கேளுங்க. நீங்க கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே.”

“தெரிஞ்சிடும்.”

“அப்புறம் என்ன?”

அத்தை ரசச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினார். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டார். கூடத்தில் அவன் சோற்றைப் பிசையும் சத்தம் கேட்டது.

“கேட்டு, இல்லன்னு ஆயிட்டா, இந்தச் சோத்த நான் யாருக்குப் போடுறது பாப்பா?” என்று சொல்லிவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.